காயத்தை ஆற்றுவது மனிதர்களே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்தில் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் வந்தால் சேனலை மாற்றி, விளம்பரம் முடிந்ததும் ஞாபகமாக எங்களிடம் திரும்பி வருகிற அன்பர்களே!

"இயற்கைப் பேரிடரில் தப்பிய பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றுவது காலமா? மனிதர்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகச் சொன்னார். 'காலம் ஒரு மருத்துவர்' என்றார். சரிங்க, ஒத்துக்கறேன். ஆனால் எந்த ஊர் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், 'எங்கேப்பா வலிக்குது?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்? முன்வரிசையில் ஒரு அம்மா, 'இப்ப அப்படித்தானே பார்க்கிறாங்க' என்கிறார்கள். (சிரிப்பு) அம்மா, அது வேற பட்டிமன்றம். அதுக்குத் தனியா ஒரு நாள் வர்றேன்.

சிரிச்சாச்சு. இனி நான் பேசப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2004ஆம் ஆண்டு, டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குச் 'சுனாமி' என்ற சொல் தெரியும்? பத்திரிகைக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் நாகப்பட்டினத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர். அதில் 6,000க்கும் மேல் நாகை மாவட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் இருந்திருந்தால் பிள்ளைகள் வகுப்பில் இருந்திருப்பார்கள். லீவு நாள், கடற்கரையில் மட்டை, பந்தோடு நின்றார்கள். போனவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம்.

போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இருந்தவர்களைப் பற்றி, அதுவும் பிழைத்துக்கிடந்த பிள்ளைகளைப் பற்றி, எவ்வளவு பேசினோம்?

நான் தமிழ் வாத்தியார். புத்தகத்தைத் திறக்காமல் என்னால் பேச முடியாது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதை வருகிறது. கடல் ஏன் கொண்டது? இந்திரவிழா எடுக்க மறந்ததால் என்று காப்பியம் சொல்லும். ஏன் மறந்தார்கள்? சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கு நாகநாட்டுப் பீலிவளை பெற்ற ஒரு பிள்ளை. கம்பளச் செட்டி என்கிற வணிகனின் கப்பலில் அந்தப் பிள்ளையை அனுப்புகிறாள். கப்பல் இரவில் உடைகிறது. பிள்ளையைக் காணோம். தேடித் தேடி அலைந்த அரசன் விழாவை மறந்தான். மணிமேகலா தெய்வத்தின் சாபம் வந்தது. ஊரைக் கடல் கொண்டது. ஒரு பிள்ளை கடலில் தொலைந்ததில் தொடங்குகிறது, ஒரு மாநகரம் கடலில் தொலைந்த கதை!

அதற்குப் பிறகு மாதவி வஞ்சிக்குப் போனாள், அறவண அடிகள் போனார் என்றெல்லாம் சாத்தனார் சொல்கிறார். ஆனால் புகார் நகரத்தில் தப்பிய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? எந்த ஊர்த் திண்ணையில் படுத்தார்கள்? ராத்திரி தூக்கத்தில் எழுந்து யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்? முப்பது வருஷமாக அந்தக் காப்பியத்தை வைத்துப் பாடம் சொல்கிறேன். அந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை. அதே பூம்புகார்க் கரையில்தான் 2004லும் அலை ஏறியது. காப்பியம் கேட்காமல் விட்ட கேள்வியை நாமும் கேட்காமல் விட்டால் எப்படிங்க?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி சொன்னார்: 'சின்னப்பிள்ளைங்கதானே, மறந்துடுவாங்க.' இதை அவர் மட்டும் சொல்லவில்லை. துக்க வீட்டில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் இது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே சொல்வார்கள்: 'இதுக்கு என்ன தெரியும், பாவம்!' அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தம்பி, மூன்று வயசுப் பிள்ளைக்கு நடந்த கதையைக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. ஒத்துக்கறேன். ஆனால் உடம்பு சொல்லும். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரும். அம்மா புடவைத் தலைப்பைக் குளியலறை வரைக்கும் விடாது. காரணமே இல்லாமல் வயிறு வலிக்கும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். பெரியவர்கள் இதற்கு வைக்கிற பெயர் 'அடம்'. இரண்டு அடியும் கொடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை மணலில் விளையாட விட்டுப் பாருங்கள். வீடு கட்டும், தண்ணீர் ஊற்றும், வீடு போகும். மறுபடி கட்டும், மறுபடி ஊற்றும். சாதாரண விளையாட்டில் பிள்ளை சிரிக்கும். இந்த விளையாட்டில் சிரிப்பு இருக்காது. ஒரே அலையைப் பத்து நோட்டிலும் வரைகிற பிள்ளைகளை நாகைக் கடற்கரை முழுக்கப் பார்த்தார்கள். பதினாலு, பதினஞ்சு வயசுக்காரர்களின் கதை வேறு. பையன் படிப்பை விடுவான், பொம்பளைப்பிள்ளைக்குப் 'பாதுகாப்பு' என்று சொல்லி அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். அலை ஒரு காலைப்பொழுதில் வந்து போய்விட்டது. அந்தப் பெண்ணின் படிப்பு நின்றது நின்றதுதான்.

என் வகுப்பில் படித்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மேடையில் சொல்லலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு பி.ஏ. தமிழ் முதலாண்டில் வந்து சேர்ந்தாள். நாகைப் பக்கத்துக் கடலோரக் குப்பம். அலை வந்தபோது ஒன்பது வயசு. அப்பாவும் தம்பியும் போய்விட்டார்கள். அம்மா இருந்தார்.

இந்தப் பெண் தினமும் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரைச் சுமந்துகொண்டு வருவாள். புத்தகப்பை தனி, இது தனி. வாயை நூல்கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். ஒருநாள் கேட்டேன், 'என்னம்மா இது, கட்டுச்சோறா?' என்று. 'இல்லீங்க ஐயா, சர்ட்டிபிகேட்டு' என்றாள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஒரு போட்டோ. 'ஹாஸ்டல்லயே வச்சுட்டு வரலாமேம்மா?' 'வச்சா போயிடும் ஐயா.' அவ்வளவுதான் சொன்னாள்.

அலை வந்து போனதற்குப் பிறகு அந்தக் குடும்பத்திடம் ஒரு காகிதம் இல்லை. 'நான் இன்னார்தான்' என்று சொல்வதற்கே அந்தத் தாய் மாதக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கிறார். பக்கத்தில் இந்தப் பிள்ளை. அந்த வரிசையில் நின்றபோது ஒன்பது வயசில் அது ஒரு பாடம் கற்றுக்கொண்டது: ஆள் போனாலும் பேப்பர் போகக்கூடாது. அந்தப் பாடத்தைத்தான் ஒன்பது வருஷமாகக் கையிலே தூக்கிக்கொண்டு திரிந்தது. எதிரணி நண்பர்களே, காலம் ஓடவில்லையா? ஒன்பது வருஷம் ஓடியது. அந்த நூல்கயிற்றின் ஒரு முடிச்சையாவது அது அவிழ்த்ததா?

முடிச்சை அவிழ்த்தது விடுதியின் வார்டன் அம்மா. படித்த மனநல மருத்துவர் எல்லாம் இல்லை. கொஞ்சம் கோபக்காரர் என்றுகூடப் பெயர். ஒரு ராத்திரி இந்தப் பெண் தூங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளாகவே சொல்லியிருக்கிறாள்: 'தம்பி தொணதொணன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தான் மிஸ். நான்தான் போடா, போய் விளையாடுன்னு அனுப்பினேன்.'

பாருங்க. அப்பாவிடம் சொல்ல முடியாது, அவர் இல்லை. அம்மாவிடம் சொல்லவே முடியாது. ஒன்பது வருஷம் ஒரு குழந்தை தன்னையே கொலைக்குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, தானே நீதிபதியாக உட்கார்ந்து, தினமும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கடல் ஏன் வந்தது என்று பெரியவர்கள் புவியியலில் காரணம் தேடுவார்கள். குழந்தை தான் செய்த காரியத்தில் தேடும்.

அந்த வார்டன் அம்மா சொன்ன பதிலை நான் எந்த உளவியல் புத்தகத்திலும் படித்ததில்லை. 'அன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி. அந்தக் கரையில நின்ன அத்தனை பிள்ளையையும் யாரோ ஒருத்தர் போய் விளையாடுன்னுதான் அனுப்பியிருப்பாங்க. அவங்க எல்லாரும் கொலைகாரங்களா?' (கைதட்டல்) மறுநாள் மூன்றாவது மாடியில் தன் அறையில் இருந்த இரும்பு பீரோவில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்து, சாவியை அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் உடனே எல்லாவற்றையும் வைத்துவிடவில்லை. முதலில் நகல்களை வைத்தாள். ஒரு மாசம் கழித்து மார்க் ஷீட்டை வைத்தாள். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் வெறும் புத்தகப்பையோடு வகுப்புக்கு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

ஒரு மாணவியை வைத்துக்கொண்டு ஊருக்கே முடிவு கட்டலாமா என்று எதிரணியில் கேட்பார்கள். கேட்கணும். வாருங்கள், ஆர்மீனியா போவோம்.

1988ஆம் ஆண்டு, டிசம்பர் 7. காலை 11 மணி 41 நிமிடம். ஆர்மீனியாவின் வடக்குப் பகுதியில் பெரிய பூகம்பம். 11 மணி 41 நிமிடம் என்றால் பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். கட்டடங்கள் பிள்ளைகள் மேலேயே விழுந்தன. சுமார் 25,000 பேர் மடிந்தார்கள். அப்போது லெனினாகான் என்று பெயர், இன்றைக்குக் கியூம்ரி. அந்த நகரத்துப் பள்ளிகளில் பிழைத்த பிள்ளைகளை ஆர்மென் கோயென்ஜியான், ராபர்ட் பைனூஸ் முதலிய மனநல மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பூகம்பம் நடந்து ஒன்றரை ஆண்டு கழித்துச் சில பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வகுப்பறையில் உட்கார வைத்து, பின்பு தனித்தனியாகவும் உட்கார வைத்து, நடந்ததைப் பேசவிட்டார்கள்; செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசவிட்டார்கள். மூன்றே வாரம். வேறு சில பள்ளிகளுக்கு ஆளும் வசதியும் போதாமல் அது கிடைக்கவில்லை.

அடுத்த ஒன்றரை ஆண்டு கழித்து, அதாவது பூகம்பத்தின் மூன்றாம் ஆண்டில், மறுபடி போய்ப் பார்த்தார்கள். பேச வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகளிடம் பயமும், கெட்ட கனவும், திடுக்கிடலும் குறைந்திருந்தன. கிடைக்காத பிள்ளைகளிடம் அவை கூடியிருந்தன! மனச்சோர்வும் கூடியிருந்தது. 1997இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரே ஊர், ஒரே பூகம்பம், ஒரே ஒன்றரை வருஷம். இந்தப் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்கும் காலண்டரில் தாள் ஒரே வேகத்தில்தான் கிழிந்தது. வித்தியாசம் ஒரு மனுஷன் வந்து உட்கார்ந்தானா இல்லையா என்பதில்தான் இருந்தது. (பலத்த கைதட்டல்)

இன்னும் நீண்ட காலம் வேண்டும் என்பீர்களா? வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்று ஒரு சுரங்க கிராமம். 1966 அக்டோபர் 21. மலைமேல் கொட்டிவைத்த நிலக்கரிக் கழிவு, மழையில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இதை முழுக்க இயற்கை மேல் போட முடியாது, கொட்டிவைத்தது மனுஷன். 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். 33 ஆண்டு கழித்து, உயிர் பிழைத்த மாணவர்களில் கண்டுபிடிக்க முடிந்தவர்களைப் பரிசோதித்தார்கள். நாற்பது வயசுக்காரர்கள்! அவர்களில் 29 சதவீதம் பேர் அன்றைக்கும் அந்தப் பாதிப்பின் முழு அறிகுறிகளோடு இருந்தார்கள். 33 வருஷம் போதாதா நண்பரே, உங்கள் மருத்துவருக்கு? இன்னும் எத்தனை டோக்கன் தாண்டணும்?

அந்த ஊரில் பிழைத்த பிள்ளைகள் சொன்ன ஒரு செய்தி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அவர்கள் வெகுகாலம் தெருவில் விளையாடவே இல்லையாம். ஏன்? பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்கள். 'இதுங்க விளையாடுதே, நம்ம பிள்ளை இல்லையே' என்று அவர்களுக்கு வலிக்குமே என்று, பத்து வயசுப் பிள்ளைகள் சத்தம் போடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு இருப்பதையே ஒரு தப்பு மாதிரி மறைத்துக்கொண்டு!

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் கெட்டிக்காரர். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'மனிதர்கள் ஆற்றுகிறார்களா? மனிதர்கள்தானே புண்ணைக் கிளறுகிறார்கள்?' என்பார். உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய், 'அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லும்மா' என்று கேட்டோமே, அதுவும் நாம்தான். நாம் நிற்கிற இந்தத் தொலைக்காட்சி மேடையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான், நடுவர் கோபித்துக்கொள்ளக்கூடாது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பேரில் அரசு 5 லட்ச ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, பதினெட்டு வயசு ஆன பிறகுதான் எடுக்கலாம் என்று வைத்ததே, எதுக்குன்னு நினைக்கிறீங்க? திடீரென்று முளைக்கிற மாமன், சித்தப்பனை நினைத்துத்தான். ஆனால் இதெல்லாம் யார் கட்சிக்குச் சாட்சி? கெடுப்பதற்கும் மனுஷன் கை வேண்டியிருக்கிறது, ஆற்றுவதற்கும் மனுஷன் கை வேண்டியிருக்கிறது. காலம் இரண்டுக்கும் வருவதில்லை. அது சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரம், அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். அதை மறைத்து நான் கட்சி பேசமாட்டேன். ஆனால் எந்தப் பிள்ளைகள் தேறினார்கள் என்று கேளுங்கள். சீக்கிரம் பள்ளிக்கூடம் திறந்து பழையபடி மணி அடித்த இடத்துப் பிள்ளைகள். அண்ணன், தங்கையைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்த பிள்ளைகள். இன்று வந்து நாளை போகாமல், ஒரே முகமாக ஒரு பெரியவர் கூடவே இருந்த பிள்ளைகள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் சுனாமிக்குப் பிறகு ஊர் ஊராக ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தது இதற்குத்தான். எல்லாக் குப்பத்துக்கும் மருத்துவர் போக முடியாது. வாத்தியாரம்மா போக முடியும்.

ஜப்பானில் 1995 ஜனவரியில் கோபே பூகம்பம். அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அஷினாகா என்ற அமைப்பு 1999இல் 'வானவில் இல்லம்' என்று ஒன்றைக் கட்டியது. அதில் ஒரு அறைக்குப் பெயர் 'எரிமலை அறை'. சுவரெல்லாம் மெத்தை, குத்துவதற்கு ஒரு பெரிய மூட்டை தொங்குகிறது. கோபம் வருகிற பிள்ளை உள்ளே போய்க் கத்தலாம், குத்தலாம், உதைக்கலாம். யாரும் 'அடம் பிடிக்காதே' என்று சொல்லமாட்டார்கள். துக்கத்துக்கு அழுகை மட்டும்தான் முகம் என்று நினைக்கிற நமக்கு, ஒரு அறை கட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நாகப்பட்டினத்துக்கே வாங்க. சுனாமிக்குப் பிறகு அங்கே அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம். அன்றைக்கு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திரு. இராதாகிருஷ்ணன். அவரும் அவர் துணைவியாரும் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது பெரிய விஷயமில்லை; பதவியில் இருக்கும்போது போட்டோவுக்காகவாவது எல்லாரும் போவார்கள். அவருக்கு மாற்றல் வந்தது. ஊர் மாறினார், துறை மாறினார், சென்னையில் சுகாதாரத் துறைச் செயலாளர் ஆனார். 2022 பிப்ரவரியில், அந்தக் காப்பகத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நாகையில் கல்யாணம். மணமேடையில் பெற்றவர் இடத்தில் நின்றவர் அவர். பதினேழு வருஷத்துக்குப் பிறகு! கலெக்டருக்கு மாற்றல் உத்தரவு வரும். அப்பாவுக்கு வராது. (கைதட்டல்)

அன்றைக்கு அஞ்சு வயசு, ஆறு வயசாக இருந்த பிள்ளைகளுக்கு இப்போது அவர்கள் வீட்டில் பிள்ளைகள். அதில் சில வீடுகளில், கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில் இருந்துகொண்டே, குழந்தையைக் கடல் பக்கம் விடாத தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை அலையைப் பார்த்ததில்லை. அம்மாவின் கை இறுகுவது மட்டும் அதற்குத் தெரியும். நாம் இன்னும் போய் உட்கார வேண்டிய மாடிப்படி அங்கே இருக்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டு உட்காருகிறேன். எனக்குப் பின்னால் வருகிற எதிரணி நண்பர் கவிதை சொல்லட்டும், கதை சொல்லட்டும், என்னை நாலு வார்த்தை கேலிகூடப் பண்ணட்டும். அதற்கு முன்னால் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடட்டும்: கியூம்ரி நகரத்தில் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் காலம் ஒன்றாகத்தானே ஓடியது?